அரைக்குக் கீழே

உர்சினா பிள்ளைப்பேற்று விடுப்பில் போன திங்கள்
அவள் மேசை எனக்கு வந்தது.
ஒரு திரை, வாடிய கள்ளிச்செடி, காப்பி இயந்திரம்,
அதன் நெற்றியில் மஞ்சள் சீட்டு,
சாய்ந்த ஜெர்மன் எழுத்தில்:
"எப்போதும் அரைக்குக் கீழே."

தண்ணீர்த் தொட்டியைச் சொல்கிறாள் என்று
இரண்டு வாரம் பாதிக்கு மேல் ஊற்றவில்லை நான்.

நான் குழி வெட்டுகிறவள்.
தாவோஸுக்கு மேலே, மலை ரயில் இறக்கிவிடும் இடத்திலிருந்து
நாற்பது நிமிடம், மண்வெட்டி தோளில்.
பனியை நெட்டுக்குத்தாய் அறுத்து
பத்து செண்டிமீட்டருக்கு ஒன்றாகப்
பதின்மூன்று வெப்பமானி செருகி
எண்களை எழுதிக் கொடுப்பேன்.
அப்புறம் அவை என்ன ஆகின்றன என்பது
உர்சினாவின் சமையல்.

இப்போது கரண்டி என் கையில்.
நாற்பத்தாறு வயதில் இன்னொரு மொழி,
ஜூலியா என்று பெயர்.

ஜெர்மன் படித்தபோது மேசை ஆண், விளக்கு பெண்.
இதில் எல்லாமே அஃறிணை.
ஆனாலும் முழு எண்ணுக்கு ஒரு பந்தி,
புள்ளி வைத்த எண்ணுக்கு வேறு பந்தி.
ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குகிறது,
அதில் மட்டும் நாங்கள் ஒரே ஊர்.

மாறிக்குப் 'பனி' என்று தமிழில் பெயரிட்டேன்.
ஏற்றுக்கொண்டது.
'குளிர்' என்றேன், ரகரப் புள்ளியோடு.
அதையும்.
பத்தொன்பது வருடத்தில் இந்தக் கன்டோனில் எந்த அலுவலகமும்
என் பெயரை இவ்வளவு சரியாய் எழுதியதில்லை.

பத்தில் ஒன்றையும் பத்தில் இரண்டையும் கூட்டச் சொன்னேன்.
பத்தில் மூன்று வந்தது,
பதினேழாம் இடத்தில் ஒரு நான்கோடு,
செருப்புக்குள் மணல் போல.
அரைக்கால் கேட்டேன், சுத்தம்.
வீசம் கேட்டேன், சுத்தம்.
வீசத்தில் பாதி, அதில் பாதி,
பிளக்கப் பிளக்கப் பிசகவில்லை.
விரல் விட்டு எண்ணச் சொன்னால்தான் தடுமாறுகிறது,
பத்து விரல் இல்லாத பிராணி.

பிறகு துணிச்சல் வந்தது.
இரண்டு வெப்பமானிக்கு நடுவே இன்னொரு புள்ளி,
எல்லா இடைவெளியிலும்.
இன்னும் நுணுக்கமாய்ப் பார்க்கலாமே.

முதல் நாள் அந்தி வரை பனி பனியாக இருந்தது.
மறுநாள் மதியம்
முழங்கால் ஆழத்தில் சூரியனைவிடச் சூடு.
அதற்கடுத்த அடுக்கு
குளிருக்கே இல்லாத குளிர்.
எரிவதும் உறைவதும் மாறி மாறி, ரம்பப் பல்லாய்.
கணக்கின் மார்ச் மாதத்தில் திரை முழுக்க
ஒரே பதில்: எண் அன்று, எண் அன்று.

ஜன்னலுக்கு வெளியே அசல் பனி,
மைனஸ் பதினொன்று,
தன்னைப் பற்றிய வதந்தி தெரியாமல்.

மூன்று மாலை கழித்தல் குறியைச் சந்தேகித்தேன்,
அடைப்புக்குறியை,
என்னை.

நான்காம் மாலை காப்பிக்குத் தண்ணீர் ஊற்றும்போது
கை நின்றது.
அரை.
எதில் அரை?

சூத்திரத்தின் நடுவில் யாரும் கவனிக்காத ஒரு பெருக்கல்:
பனி வெப்பம் கடத்தும் வேகம், காலப்படி,
அதை வகுக்கும் இடைவெளியின் வர்க்கம்.
தனியே எடுத்துப் பார்த்தேன்.
புள்ளி எட்டு ஆறு.

இடைவெளி அரையானால்
காலம் கால்.
வாய்விட்டுச் சொன்னேன்,
வெறும் அறையில், தமிழில்.
இரண்டு மணி நேரத் தாவலை
அரை மணியாகக் குறுக்கினேன்.
தொட்டியை விளிம்பு வரை நிரப்பினேன்.

பனி பனியாகவே மார்ச் வரை போனது.
மேல் அடுக்கில் பகல் ஏறியது,
அந்தப் பகல் இடுப்பளவு ஆழத்தை எட்டியபோது
மேலே நள்ளிரவு.
தரையருகே பூச்சியம், அசையாமல்.
ஆறாவது வெப்பமானிக்கும் ஏழாவதற்கும் நடுவே,
நான் ஒருநாளும் தொடாத இடத்தில்,
ஓர் எண்: மைனஸ் நாலு புள்ளி மூன்று.

இன்று பதினான்கு எடுத்து வந்தேன்.
கையுறையைக் கழற்றி
அந்த இடத்தில் ஒன்றைச் செருகியிருக்கிறேன்.
நிலைக்க ஐந்து நிமிடம் வேண்டும்.

என் கைச்சூடு வடியட்டும்,
மண்வெட்டியில் சாய்ந்து நிற்கிறேன்.